ஏசி காத்து எந்தப் பக்கம் போகுது? உங்க கரண்ட் பில்லும் அந்தப் பக்கம்தான் போகும்!



வெயில் ஆரம்பிச்சாலே நம்ம சேனலுக்கு வர்ற கேள்வி ரெண்டே ரெண்டுதான். "த்ரீ ஸ்டார் வாங்கலாமா, ஃபைவ் ஸ்டார் வாங்கலாமா?" "ஏசியை இஎம்ஐல வாங்கலாமா?" ரெண்டுக்கும் ஏற்கெனவே வீடியோ இருக்கு. ஆனா நம்மள்ல நிறைய பேர் வாடகை வீட்ல இருக்கோம். ஏசி ஹவுஸ் ஓனர் மாட்டினது, மாட்டின இடமும் அவர் முடிவு பண்ணினது. சுவத்துல புதுசா ஒரு ஓட்டை போட்டாலும் அட்வான்ஸ்ல பிடிச்சிடுவார். ஸ்டார் ரேட்டிங் பத்தி பேசி நமக்கு என்ன பிரயோஜனம்?

அதனால இன்னைக்கு பைசா செலவில்லாம நம்ம கையில இருக்கிற ஒரே ஒரு விஷயத்தைப் பத்திப் பார்ப்போம். ஏசியோட வாய். காத்து வெளிய வர்ற அந்த நீளமான இடுக்கு, அதுல மேலயும் கீழயும் ஆடுற பட்டை. ரிமோட்ல "ஸ்விங்" பட்டனைத் தட்டினா அசையுமே, அதேதான். கூடவே, ஆன்லைன்ல விக்கிற பிளாஸ்டிக் "ஏசி டிஃப்ளெக்டர்" காசு கொடுத்து வாங்குற அளவுக்கு இருக்கா, நாமளே ஒண்ணு செஞ்சுக்க முடியுமான்னும் பார்த்துடலாம்.

முதல்ல பணக் கணக்கு

தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணத்துல 500 யூனிட்னு ஒரு பள்ளம் இருக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. கணக்குக்கு 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தையே எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் ரேட் கொஞ்சம் ஏறிடுச்சு, ஆனா அமைப்பு அதேதான்.

ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 201ல இருந்து 400 வரைக்கும் 4.50 ரூபாய், 401ல இருந்து 500 வரைக்கும் 6 ரூபாய். சரியா 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆயிட்டா? அந்த 2.25 ரூபாய் சலுகை ஸ்லாப் காணாமப் போயிடும். 101ல இருந்தே 4.50 ரூபாய்தான். 501வது யூனிட் 8 ரூபாய். பில் 1,958 ரூபாய். அதாவது ஒரு யூனிட்டோட விலை 233 ரூபாய்!

நிறைய வீடுகள்ல குளிர்காலத்துல 300 யூனிட் வரும், கோடையில ஏசி ஓட ஆரம்பிச்சதும் 500ஐத் தாண்டி 510, 530ன்னு போய் நிக்கும். அந்த மாதிரி வீடுகளுக்கு 20, 30 யூனிட் மிச்சம் பிடிக்கிறது சின்ன விஷயமே இல்ல.

ஒரு உதாரணம். 1.5 டன் ஏசி, தினமும் ராத்திரி 8 மணி நேரம், மணிக்கு சராசரியா 0.8 யூனிட்னு வெச்சுக்குவோம். 60 நாளுக்கு 384 யூனிட். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், லைட் எல்லாம் சேர்த்து 136. மொத்தம் 520 யூனிட், பில் 2,110 ரூபாய். இந்த 520ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வருவோம்.

டெம்பரேச்சரை ஒரு டிகிரி ஏத்தி வெச்சா ஏசி கரண்டுல சுமார் 6 சதவீதம் மிச்சமாகும்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு, அதாங்க ஸ்டார் ஸ்டிக்கர் கொடுக்கிற பீ.ஈ.ஈ., சொல்லுது. 2020 ஜனவரி 1ல இருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணினதும் 24ல நிக்கிறதும் அவங்க கொண்டுவந்த விதிப்படிதான். ஆனா "24ல வைங்க, 26ல வைங்க"ன்னு சொல்றது ஈஸி. புழுங்குதேன்னுதானே நாம 21க்கு இறக்குறோம்? ஏன் புழுங்குதுங்கிறதுக்கான பதில் பாதி நேரம் அந்த வாய்கிட்டதான் இருக்கு.

ஏசி வாய்க்குள்ள என்ன நடக்குது?

ஸ்பிளிட் ஏசியோட உள் யூனிட் ரூம் காத்தை மேல்பக்கமா இழுக்குது. ஃபில்டர் வழியா போய், சில்லுன்னு இருக்கிற காயில்ல பட்டு, உருளை மாதிரி இருக்கிற நீளமான புளோயர் வழியா கீழ இருக்கிற வாயில வெளிய வருது. அந்த வாயில ரெண்டு செட் பட்டை இருக்கும். வெளிய தெரியுற அகலமான படுக்கைப் பட்டை காத்தை மேல, கீழ திருப்பும். அதுக்கு உள்ளே சின்னச் சின்னதா நிக்கிற பட்டைகள் இடது, வலது திருப்பும். விலை கம்மியான மாடல்ல இந்த நிக்கிற பட்டைகளை ஏசியை ஆஃப் பண்ணிட்டு கையாலதான் திருப்பணும். கடைக்காரர் "ஃபோர் வே ஸ்விங்"னு சொல்லி விக்கிறது, ரெண்டு செட்டுக்கும் மோட்டார் இருக்கிற மாடல். வெளிப்பட்டைக்கு உள்ள குட்டி மோட்டார் இருக்கு, அதனால அதை மட்டும் கையால தள்ளாதீங்க. பல்சக்கரம் போயிடும்.

இப்போ ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும்.

ஒண்ணு, குளிர்ந்த காத்து கனமானது. தானாவே கீழ இறங்கும். பட்டையை நேரா கீழ பார்க்க வெச்சா, குளிர் எல்லாம் ஏசிக்கு அடியிலேயே கொட்டி தரையில குட்டை மாதிரி தேங்கிடும். மேல் பாதி ரூம் அப்படியே சூடா இருக்கும்.

ரெண்டு, ரூம் டெம்பரேச்சரை அளக்கிற சென்சார் உங்க கட்டில்கிட்ட இல்ல. ஏசி காத்து இழுக்கிற இடத்துல, மேல, உள் யூனிட்டுக்குள்ளேயே இருக்கு. ஏசிக்குத் தெரியுற "ரூம்" அந்த மேல் மூலைதான்!

இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பட்டை கீழ பார்க்குது. ஏசிக்கு அடியில படுத்திருக்கிறவர் போர்வைக்குள்ள நடுங்குறார். மேல காத்து சூடா இருக்கிறதால சென்சார் "இன்னும் ஆறல"ன்னு சொல்லுது, கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் படுத்திருக்கிற ரூம்மேட்டுக்கு வேர்க்குது, அவர் ரிமோட்டை எடுத்து 20க்கு இறக்குறார். ஒருத்தருக்கு ஜலதோஷம், இன்னொருத்தருக்குப் புழுக்கம், பில் மட்டும் ரெண்டு பேருக்கும் சமமா ஷேர் ஆகுது.

இதுக்கு நேர் எதிர் கேஸும் உண்டு. ஏசிக்கு எதிர்ல ரெண்டு அடியில பீரோ, இல்லன்னா மேல பரண் நீட்டிக்கிட்டு இருக்கு. வெளிய வர்ற குளிர் காத்து அதுல மோதித் திரும்பி, நேரா ஏசியோட மேல்பக்கமே உள்ள போயிடும். சென்சார் "ஆஹா, ஆறிடுச்சு"ன்னு நினைச்சு கம்ப்ரஸரைக் குறைச்சிடும். ரூம் சூடாவே இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டா "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணணும்"னு சொல்ற ஆளும் இருக்காங்க. பீரோவை நகர்த்திப் பார்த்துட்டு அப்புறமா மெக்கானிக்குக்கு போன் பண்ணுங்க.

அப்போ எந்த கோணம் சரி? கூலிங்கு, பட்டை கிட்டத்தட்ட படுக்கையா, சீலிங்கைத் தடவுற மாதிரி. இதுக்குப் பின்னாடி ஒரு அழகான விஷயம் இருக்கு. வேகமா போற காத்தோ தண்ணியோ பக்கத்துல இருக்கிற பரப்பை ஒட்டிக்கிட்டே போகும். ஸ்பூனோட முதுகை குழாய்த் தண்ணியில லேசா தொட வைங்க, தண்ணி நேரா விழாம ஸ்பூன் முதுகை ஒட்டி வளைஞ்சு போகும். ரொமேனியாவைச் சேர்ந்த இன்ஜினியர் ஹென்றி கோவாண்டா (1886–1972) பேரால இதை கோவாண்டா விளைவுன்னு சொல்றாங்க. படுக்கையா விட்ட குளிர் காத்தும் இதே மாதிரி சீலிங்கை ஒட்டி எதிர்ச் சுவர் வரைக்கும் போகும். போற வழியில சூடான காத்தோட கலந்து, வேகம் குறைஞ்சு, மெதுவா எல்லா இடத்துலயும் இறங்கும். யார் மேலயும் நேரா அடிக்காது. ரூம் ஒரே மாதிரி ஆறுறதால சென்சார் சொல்றதும் நீங்க உணர்றதும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்.

நிக்கிற பட்டைகளை விட்டுடாதீங்க. ஏசி மூலையில இருந்தா, அந்த மூலைச் சுவத்துல காத்து மோதாம ரூமோட நீளமான பக்கம் பார்த்துத் திருப்புங்க. நம்ம ஊர் ஏசிகள் பாதி, பிளக் பாயின்ட் எங்க இருக்கோ அங்க மாட்டினதுதான், ரூமைப் பார்த்து மாட்டினது இல்ல. அந்தத் தப்பைப் பணம் செலவு பண்ணாம சரி பண்ண இருக்கிற வழி இது ஒண்ணுதான்.

இன்னொரு சின்ன விஷயம். உங்க ரிமோட்ல "ஃபாலோ மீ" இல்ல "ஐ ஃபீல்"னு பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதை அழுத்தினதும் ஏசி தன் சென்சாரை விட்டுட்டு ரிமோட்ல இருக்கிற சென்சாரை நம்பும். ரிமோட்டைத் தலைமாட்டுல, ஏசியைப் பார்க்குற மாதிரி வெச்சுட்டுப் படுங்க. வாங்கி மூணு வருஷம் ஆகியும் அந்த பட்டன் எதுக்குன்னே தெரியாம இருக்கிறவங்க நிறைய.

விண்டோ ஏசிக்காரங்களுக்கு விதி இதைவிட சிம்பிள். அது இடுப்பு உயரத்துல இருக்கு, அதனால முன்பக்க பட்டைகளைக் கையாலேயே நல்லா மேல் நோக்கித் திருப்பி வைங்க. குளிர் தானா கீழ வந்துடும்.

ஃபேன் போட்டா மிச்சமா, நஷ்டமா?

"ஏசியோட ஃபேன் போடுங்க, 26ல வைங்க"ங்கிறது எல்லாரும் சொல்ற டிப். தப்பில்ல. உடம்புல காத்து பட்டா ரெண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி உணர்வோம். சீலிங்கை ஒட்டி வர்ற குளிரை ஃபேன் மேலிருந்து இழுத்து ரூம் முழுக்கப் பரப்பவும் செய்யும். ஆனா ஃபேனும் கரண்ட்லதான் ஓடுது. அதைக் கணக்குல சேர்க்காம சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு நெருடல்.

நம்ம 520 யூனிட் வீட்டுக்கு வருவோம். இவ்வளவு நாள் ஃபேன் போடாம 24ல ஏசி ஓட்டினாங்க. இப்போ 26. ஏசில சுமார் 45 யூனிட் மிச்சம், 475 வரணும். ஆனா பழைய 75 வாட்ஸ் ஃபேன் 8 மணி நேரம், 60 நாள் ஃபுல் ஸ்பீடுல ஓடினா 36 யூனிட் சாப்பிட்டுடும். மொத்தம் 511. பில் 2,038 ரூபாய். இவ்வளவு செஞ்சும் மிச்சம் 72 ரூபாய்தான், 500 பள்ளத்தையும் தாண்டல.

அதே இடத்துல 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன்னா 14 யூனிட்தான். மொத்தம் 489, பில் 1,659 ரூபாய். மிச்சம் 451 ரூபாய்.

இப்போ மூணாவது கணக்கு. ஃபேனே வேண்டாம். பட்டையை சரியாத் திருப்பினதால ஒரே ஒரு டிகிரி மட்டும் ஏத்த முடிஞ்சுதுன்னு வெச்சுக்குவோம், 24ல இருந்து 25. ஏசில 23 யூனிட் குறையும். மொத்தம் 497, பில் 1,707 ரூபாய். மிச்சம் 403 ரூபாய்! செலவு, ரிமோட்ல ஒரு பட்டன். பழைய ஃபேனைப் போட்டு ரெண்டு டிகிரி ஏத்தினதைவிட இது லாபம்.

இதுல பாதிக்கு மேல அந்த 500 பள்ளத்தால வர்ற மிச்சம், அதை மறைக்க விரும்பல. உங்க வீட்டு யூனிட் 350ன்னா இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது. ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்ல வாங்கினா, ஸ்லாப் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, மிச்சமான யூனிட்டை அந்த ரேட்டால பெருக்கிக்கோங்க. ஏற்கெனவே ஏசியோட ஃபேன் போடுறவங்களுக்கு ஃபேன் செலவு புதுசு இல்ல, டெம்பரேச்சரை ஏத்தினா மிச்சம் முழுசா உங்களுக்கே. ஃபேனை மெதுவா ஓட்டினாலும் வாட்ஸ் குறையும். ஆனா சுவத்துல பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தா அந்த மிச்சத்துல ஒரு பங்கை அதுவே சூடாக்கி வீணாக்கிடும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சாயங்காலம் சீலிங் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது ஃபேனை வேகமா வெச்சா, மேல தேங்கின சூட்டைத்தான் கீழ தள்ளும். ரூம் ஒரு ரவுண்டு ஆறின பிறகு ஃபேனைப் போடுங்க.

விமானத்துலயும் சில ஆம்னி பஸ்லயும் தலைக்கு மேல ஒரு உருண்டை இருக்குமே, திருகினா காத்து கூடும் குறையும், எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பலாம். எனக்குத் தெரிஞ்சு காத்து வாய் டிசைன்ல அதுதான் நம்பர் ஒன். பக்கத்து சீட்காரரோட சண்டை போடாம உங்க மூஞ்சிக்கு மட்டும் காத்து. வீட்டு ஏசில அது இல்ல. அதுக்குப் பதில்தான் இந்த ஃபேன்.

டிஃப்ளெக்டர் வாங்கலாமா?

பட்டையைப் படுக்கையா வெச்சும் காத்து நேரா மூஞ்சில அடிக்குது, கட்டிலை நகர்த்தவும் இடம் இல்லன்னா மட்டும் வாங்கலாம். மத்தவங்களுக்கு அது தேவையில்லாத ஆர்டர். பிளாஸ்டிக் தகடு ஒண்ணு ஏசிக்குக் கீழ தொங்கும், காத்தைத் திருப்பும், அவ்வளவுதான். ஆனா அந்த தகட்டோட டிசைன் சொதப்பினா பில் ஏறும்.

முதல் ஆபத்து மேல சொன்ன பீரோ கதையேதான். தகடு ரொம்ப செங்குத்தா மேல நோக்கி இருந்தா குளிர் காத்து சுருண்டு ஏசிக்குள்ளேயே போயிடும். காத்து முன்னாடி போகணும், லேசா மேல தூக்கின மாதிரி, அவ்வளவுதான். அதனால கோணத்தை மாத்தி நிறுத்த முடியுற மாடலைத்தான் எடுக்கணும். ஒரே கோணத்துல வளைச்சு வர்ற தகடு உங்க ரூமுக்குப் பொருந்துமான்னு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ரெண்டாவது, வேர்வை. 26 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் இருக்கிற ரூம்ல, சுமார் 16 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்பும் வேர்க்கும். ஐஸ் வாட்டர் பாட்டில் வேர்க்கிற மாதிரி. ஏசி காத்து அதைவிட சில்லுன்னு வரும், தகட்டோட மேல்பக்கத்துல படும். கீழ்ப்பக்கம் ரூம் காத்தைப் பார்த்து இருக்கிறதால அங்க தண்ணி கோத்து ராத்திரி ரெண்டு மணிக்கு தலையணையில சொட்டும். ஏசியோட பட்டையையே ரொம்ப நேரம் கீழ பார்க்க வெச்சா தண்ணி சொட்டலாம்னு பல கம்பெனி மேனுவல்லயே எழுதியிருக்கு, காரணம் இதேதான். சில டிஃப்ளெக்டர்ல நிறைய பொடி ஓட்டை போட்டிருப்பாங்க. அது அழகுக்கு இல்ல. அந்த ஓட்டை வழியா கசியுற உலர்ந்த காத்து கீழ்ப்பக்கத்துல ஈரம் தங்க விடாது.

மூணாவது, அது எதுல தொங்குதுன்னு பாருங்க. ஆடுற பட்டையிலேயே ஒட்டுற மாதிரி இருந்தா தொடவே தொடாதீங்க, குட்டி மோட்டார் அந்த எடையைத் தாங்காது. ரிப்பேர் பில் ஹவுஸ் ஓனர்கிட்ட இருந்து உங்களுக்குத்தான் வரும். ஏசியோட உடம்புல, அதாவது அசையாத பாகத்துல பிடிக்கணும்.

நாமளே செய்யுறதா இருந்தா சன்பேக் ஷீட் நல்ல சாய்ஸ். கடை விளம்பர போர்டுக்கு யூஸ் பண்ணுவாங்களே, உள்ளே குழாய் குழாயா வெத்தா இருக்குமே, அது. உள்ளே இருக்கிற காத்தே குளிர் கீழ்ப்பக்கம் வராம தடுக்கிறதால கெட்டி பிளாஸ்டிக்கைவிட வேர்க்கிறது கம்மி. ஏசி வாயைவிட ரெண்டு பக்கமும் மூணு விரல் அகலம் கூடுதலா வெட்டுங்க, இல்லன்னா ஓரத்துல காத்து தப்பிச்சுக் கீழ கொட்டும். வாய்க்கும் ஷீட்டுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருக்கணும். வாயை மூடுற மாதிரி வெச்சா காத்து வேகம் குறைஞ்சு காயில்ல ஐஸ் பிடிக்கிற வரைக்கும் போகலாம். ரெண்டு முனையையும் நூல் கட்டி மேல பிடிச்சீங்கன்னா, நூலைக் கூட்டிக் குறைச்சு கோணத்தை மாத்திக்கலாம். ஒரு வாரம் அதுல வெச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா அப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம், அப்போ எந்த கோணம், எவ்வளவு அகலம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

சரியா திருப்பியிருக்கோமான்னு எப்படித் தெரியும்?

ஒரு ஊதுபத்தி போதும். ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, ஏசியை ஆன்ல வெச்சு, ஊதுபத்தியோட ரூமை ஒரு சுத்து சுத்துங்க. கட்டில் பக்கம் புகை வேகமா சாய்ஞ்சா நேர் காத்து அடிக்குது. எதிர்ச் சுவர்கிட்ட புகை நேரா நிம்மதியா மேல போச்சுன்னா காத்து அங்க வந்து சேரவே இல்ல. ஏசி இழுக்கிற மேல்பக்கம் பக்கத்துல, வாயில இருந்து வர்ற புகை சுருண்டு உள்ள போகுதான்னும் பாருங்க. பட்டையை ஒரு படி ஒரு படியா மாத்தி, எங்க நல்லா பரவுதோ அங்க ஸ்விங்கை நிறுத்திடுங்க. எப்பவும் ஸ்விங்கை ஆட விடுறதுல பாதி நேரம் காத்து தப்பான பக்கம்தான் பார்க்கும்.

அப்புறம் மீட்டர். படுக்கிறதுக்கு முன்னாடி மீட்டர்ல யூனிட் ரீடிங்கை போன்ல போட்டோ எடுங்க, காலையில எழுந்ததும் இன்னொண்ணு. மூணு ராத்திரி பழைய செட்டிங், மூணு ராத்திரி புது செட்டிங். ஃபிரிட்ஜ் ரெண்டு கணக்குலயும் ஒரே மாதிரிதான் ஓடும், அதனால வித்தியாசம் ஏசியோடதுதான். நடுவுல மழை பெஞ்சா அந்த ராத்திரியை விட்டுடுங்க. ஒரு ராத்திரிக்கு 0.4 யூனிட் குறைஞ்சாலே 60 நாளைக்கு 24 யூனிட். உங்க போன பில்லை எடுத்துப் பாருங்க, 500ஐ எத்தனை யூனிட்ல தாண்டியிருக்கீங்க?